4.4 ஸ்டார் கிளவுஸ்... கீழே விழுந்தா கையைக் காப்பாத்துமா? - பைக் கையுறை வாங்கும் முன் ஒரு வழிகாட்டி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கிலேயே தினமும் வேலைக்கும் காலேஜுக்கும் போய் வருபவர்கள் ஏராளம். சென்னை பக்கமிருந்து வரும் ஆம்னி பஸ், கரும்பு ஏற்றிய டிராக்டர், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென எட்டிப் பார்க்கும் ஷேர் ஆட்டோ, இடையில் குறுக்கே ஓடும் ஆடு... இத்தனைக்கும் நடுவில்தான் நம்ம பயணம்.

தலைக்கு ஹெல்மெட் போட்டாச்சு. சரி, கைக்கு?

'ஒரு நல்ல கிளவுஸ் வாங்கலாம்' என்று போனை எடுக்கிறீர்கள். தேடினால் 250 ரூபாயில் தொடங்கி 6,000 ரூபாயைத் தாண்டியும் வரிசை கட்டி நிற்கின்றன. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. கறுப்பு நிறம், முட்டியில் பிளாஸ்டிக் கவசம், மணிக்கட்டில் வெல்க்ரோ. எதை எடுப்பது? கண் தானாகவே ஸ்டாருக்குப் போகும். '4.4 ஸ்டார், ஆயிரக்கணக்கான ரேட்டிங். இவ்வளவு பேர் பொய்யா சொல்லப் போறாங்க?' என்று கார்ட்டில் போட்டுவிடுவோம்.

அவர்களில் பெரும்பாலானோர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் அந்த 4.4 உங்கள் கையைப் பற்றி எதுவுமே சொல்லாமல் போகலாம். ஏன் என்று புரிந்துகொண்டால், கிளவுஸ் வாங்கும் விதமே மாறிவிடும்.

விழும்போது கைக்கு என்ன நடக்குது?

பைக்கிலிருந்து கீழே விழும்போது யோசிக்க நேரம் இருக்காது. உடம்பு தானாகவே கையை நீட்டித் தரையில் ஊன்றப் பார்க்கும். குழந்தையிலிருந்து நமக்குள் இருக்கும் அனிச்சைச் செயல் இது. அதனால், பல விழுக்காட்டில் தரையை முதலில் தொடுவது உள்ளங்கைதான்.

அப்போது இரண்டு விதமான அடி விழும். ஒன்று, தேய்மானம். தார்ச்சாலை என்பது உப்புத்தாளைப் போலத்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கினாலே உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். கைத்தோல் போனால் சாப்பிடுவதிலிருந்து சட்டை பட்டன் போடுவது வரை எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மோதல். நீட்டிய கை தரையில் 'பிடித்து' நின்றுவிட்டால், உடம்பின் மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் 'ஸ்கேஃபாய்டு' என்றொரு சின்ன எலும்பு இருக்கிறது. கை ஊன்றி விழுபவர்களுக்கு இது உடைவதுண்டு. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் சேர நாளாகும். முதல் எக்ஸ்ரேவில் முறிவு தெரியாமல் போவதும் உண்டு. 'சுளுக்குதான்' என்று விட்டுவிட்டு, பிறகு மாதக்கணக்கில் அவதிப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

நல்ல ரைடிங் கையுறை இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்கும். தேய்மானத்துக்கு, உள்ளங்கையில் கெட்டியான தோலும் பிரியாத தையலும். மோதலுக்கு, உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழவழப்பான ஒரு பட்டை. இதை 'பாம் ஸ்லைடர்' என்பார்கள். கை தரையைப் பிடிக்காமல் வழுக்கிச் செல்ல உதவுவது இதன் வேலை. முட்டியில் இருக்கும் பிளாஸ்டிக்தான் கண்ணைக் கவரும். ஆனால் முதலில் அடி வாங்குவது உள்ளங்கை. கடையில் கிளவுஸைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வெயிலுக்குக் கறுக்காமல் இருக்க ஸ்கூட்டரில் போகும் பெண்கள் போடும் பருத்திக் கையுறைகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவை வெயிலுக்கு நல்லது. தார்ச்சாலையில் ஒரு நொடிகூடத் தாங்காது. விரல் நுனி வெளியே தெரியும் 'ஹாஃப் ஃபிங்கர்' கையுறைகளில், விரல் நுனிக்குப் பாதுகாப்பே இல்லை.

ஸ்டார் எதை அளக்குது?

ஒரு கையுறையை 1,000 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிவ்யூ எழுதச் சொல்லி மெசேஜ் எப்போது வரும்? பார்சல் வந்த சில நாளில். அதற்குள் அவர்களில் எத்தனை பேர் கீழே விழுந்திருப்பார்கள்? அநேகமாக யாரும் இல்லை. இருக்கவும் வேண்டாம்!

ஆக, அவர்கள் எதற்கு ஸ்டார் போடுகிறார்கள்? சைஸ் சரியாக இருந்தது, சீக்கிரம் டெலிவரி ஆனது, பார்க்க கெத்தாக இருக்கிறது, டச் ஸ்கிரீன் வேலை செய்கிறது, விலை குறைவு. இவையெல்லாம் உண்மையான அனுபவங்கள். தேவையான தகவல்களும்கூட. ஆனால் கையுறையை எதற்காக வாங்குகிறோமோ, அந்த ஒரு விஷயத்தை அவர்களில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மிக்ஸியோ செருப்போ வாங்கும்போது இந்தப் பிரச்னை இல்லை. மிக்ஸி அரைக்கிறதா என்று முதல் நாளே தெரிந்துவிடும். ஹெல்மெட், கையுறை, குழந்தைகளின் கார் சீட் போன்றவை வேறு வகை. அவற்றின் வேலை வருஷத்தில் ஒரு நாள், ஒரு நொடி. அந்த நொடி வராத வரை நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இது வெறும் யூகம் இல்லை. ஆஸ்திரேலியத் தலைநகர் பகுதியில் 2008 - 2009-ல் விபத்துக்குள்ளான 212 பைக் ஓட்டிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு, 2011-ல் வெளியானது. ரைடிங் கையுறை போட்டிருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. விபத்தில் சிக்கிய ரைடிங் கையுறைகளில் 25.7 சதவிகிதம், அதாவது நான்கில் ஒன்று, கிழிந்தோ தேய்ந்தோ தோற்றுப்போயிருந்தது. வாங்கிய அன்று அந்த நான்கும் நல்லதாகத்தான் தெரிந்திருக்கும்.

இதற்கு அங்கே ஒரு தீர்வும் கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2018-ல் தொடங்கப்பட்ட 'மோட்டோகேப்' என்ற திட்டம், பைக் உடைகளையும் கையுறைகளையும் கடையில் சாதாரண வாடிக்கையாளர்போல் வாங்கி, ஆய்வகத்தில் தேய்த்து, கிழித்து, அடித்துப் பார்த்து ஸ்டார் கொடுக்கிறது. முடிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதுவும் ஸ்டார்தான், இதுவும் ஸ்டார்தான். ஒன்று இயந்திரம் அளந்தது, இன்னொன்று பார்சல் பிரித்த சந்தோஷத்தில் போட்டது.

ரிவ்யூவில் நடக்கும் தில்லுமுல்லுகள்

இதுவரை சொன்னது நேர்மையான ரிவ்யூக்களின் கதை. நேர்மையில்லாதவையும் உண்டு. அவற்றின் வகைகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முதல் வகை, விலைக்கு வாங்கிய ரிவ்யூ. பார்சலுக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும். '5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க, 100 ரூபாய் கேஷ்பேக்' என்று. பொருள் நிஜமாகவே வாங்கப்பட்டிருப்பதால், இதற்கும் 'சரிபார்க்கப்பட்ட வாங்குபவர்' என்ற முத்திரை கிடைத்துவிடும். அந்த முத்திரை சொல்வதெல்லாம் இவர் பொருளை வாங்கினார் என்பது மட்டும்தான்.

இரண்டாவது, மறைக்கப்பட்ட ரிவ்யூ. கடைக்காரர் தன் சொந்த இணையதளத்தில் காட்டும் ரிவ்யூக்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம். எதைக் காட்டுவது என்று முடிவு செய்பவரே அவர்தானே! அமெரிக்காவில் 'ஃபேஷன் நோவா' என்ற ஆன்லைன் துணிக்கடை, 4 ஸ்டாருக்குக் கீழ் வந்த ரிவ்யூக்களைத் தன் தளத்தில் வெளியிடாமல் தடுத்துவைத்தது என்று அந்நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 2022 ஜனவரியில் 42 லட்சம் டாலர் கட்டி அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. அங்கே யாரும் பொய் ரிவ்யூ எழுதவில்லை. உண்மையில் பாதியை மட்டும் காட்டினார்கள்.

மூன்றாவது, இடம் மாறிய ரிவ்யூ. நன்றாக விற்ற ஒரு பொருளின் பக்கத்தில், புதுப் பொருளை 'இன்னொரு மாடல்' என்று சேர்த்துவிடுவது. பழையதன் ஸ்டார் எல்லாம் புதியதற்கும் வந்துவிடும். 'தி பவுன்டிஃபுல் கம்பெனி' என்ற வைட்டமின் நிறுவனம் இப்படிச் செய்ததாக அதே கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2023 பிப்ரவரியில் 6 லட்சம் டாலர் கட்டவைத்தது. கையுறைப் பக்கத்தில் 'மொபைல் ஹோல்டர் சூப்பர்' என்று ஒரு ரிவ்யூ கண்ணில் பட்டால், சந்தேகப்படுங்கள்.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் தன்னையே வாடிக்கையாளராகக் காட்டிக்கொண்டு ரிவ்யூ எழுதக் கூடாது. பொருளின் தரத்தைத் தவறாகச் சொல்லவும் கூடாது. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. ரிவ்யூ எழுதுபவர் யார் என்று சரிபார்ப்பது, காசு கொடுத்து எழுதவைத்தவற்றை வெளியிடாமல் இருப்பது எல்லாம் அதில் வருகிறது. ஆனால் அறிமுகமானபோது அது நிறுவனங்கள் விருப்பப்பட்டுப் பின்பற்றும் தரநிலையாகத்தான் வந்தது. கட்டாயமாக வரவில்லை.

அப்போ ரிவ்யூவே படிக்க வேண்டாமா?

படிக்கலாம். எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து படித்தால், அதில் நல்ல சரக்கு இருக்கிறது.

- 5-ஐ விட்டுட்டு 2, 3 ஸ்டாருக்குப் போங்க. 1 ஸ்டாரில் பாதி 'டெலிவரி லேட்' என்ற கோபம். 5 ஸ்டாரில் பாதி 'சூப்பர்', 'வொர்த்'. நடுவில் இருப்பவர்கள்தான் 'நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா...' என்று விவரம் சொல்வார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதுதான் நமக்கு வேண்டும்.

- எத்தனை நாள் கழித்து எழுதினார்கள் என்று பாருங்க. 'இன்னிக்குத்தான் வந்துச்சு' என்பதைவிட, 'ஆறு மாசமா போடுறேன், கட்டைவிரல் தையல் விட்டுப்போச்சு' என்பதற்கு மதிப்பு அதிகம். சாதாரணமாகப் போட்டுக் கழற்றுவதிலேயே பிரியும் தையல், சாலையில் தாங்காது.

- ஒரே குறை திரும்பத் திரும்ப வருதா? ஒருவர் சொன்னால் அது அவருடைய பீஸ். பத்துப் பேர் ஒரே இடத்தில் தையல் விட்டதாகச் சொன்னால் அது தயாரிப்புக் குறை.

- வாடிக்கையாளர் போட்ட போட்டோக்களைப் பாருங்க. அதிலும் உள்ளங்கைப் பக்கம் தெரியும் படங்களை. கம்பெனி போட்ட படத்தில் இருக்கும் ஸ்லைடர், வீட்டுக்கு வந்ததில் வெறும் ரப்பர் ஸ்டிக்கராக இருக்கலாம்.

- தேதியைப் பாருங்க. பல மாதம் சும்மா இருந்துவிட்டு இரண்டு மூன்று நாளில் 5 ஸ்டார் மழை கொட்டியிருந்தால், யோசிக்க வேண்டும். ஒரே மாதிரி வாக்கியங்கள் வந்தாலும் அப்படித்தான்.

- 'விழுந்தேன்' என்று தேடுங்க. ரிவ்யூக்களுக்குள் தேடும் வசதி இருந்தால் 'கிராஷ்', 'ஃபால்', 'ஸ்லிப்' என்ற ஆங்கில வார்த்தைகளைப் போட்டுப் பாருங்கள். கையுறை கிழிந்த படத்தோடு ஒருவர் எழுதியிருந்தால், அந்த ஒரு ரிவ்யூ மற்ற நூறுக்குச் சமம்.

கூகுள் மேப்பில் ஒரு கடைக்கு இருக்கும் ஸ்டார், கடையைப் பற்றியது. ஓனர் நன்றாகப் பேசுவார், பார்க்கிங் இருக்கிறது என்பதற்கெல்லாம் விழுந்த ஸ்டார் அது. அங்கே விற்கும் கையுறைக்கு அதை நீட்டித்துக்கொள்ள வேண்டாம்.

லேபிளில் என்ன தேடணும்?

இரு சக்கர வாகன ஹெல்மெட்டுக்கு 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கையுறைக்கு அப்படி ஒரு கட்டாயம் இங்கே இல்லை. அதனால் யாரும் எதையும் 'ரைடிங் கிளவுஸ்' என்று எழுதி விற்கலாம். விவரம் தெரிந்தவர்கள் தேடுவது ஐரோப்பியத் தரநிலையான இ.என். 13594-ஐத்தான். இது பைக் கையுறைகளுக்கென்றே உருவானது. தற்போது பரவலாகக் கையுறைகளில் காண்பது 2015-ம் ஆண்டுப் பதிப்பு.

இதில் இரண்டு நிலைகள். முதல் நிலையில், உள்ளங்கைப் பகுதி சொரசொரப்பான பட்டை ஓடும் சோதனை இயந்திரத்தில் குறைந்தது 4 விநாடி ஓட்டை விழாமல் தாங்க வேண்டும். இரண்டாம் நிலையில் 8 விநாடி. முதல் நிலைக் கையுறை மணிக்கட்டைத் தாண்டிக் குறைந்தது 15 மில்லிமீட்டர் நீள வேண்டும். இரண்டாம் நிலைக்கு 50 மில்லிமீட்டர். முட்டிக் கவசம் சோதிக்கப்பட்டிருந்தால் 'கே.பி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். இரண்டாம் நிலைக்கு அது கட்டாயம். முதல் நிலைக்குக் கட்டாயமில்லை. அதாவது, முட்டியில் பெரிய பிளாஸ்டிக் இருந்து, லேபிளில் கே.பி. இல்லையென்றால், அந்த பிளாஸ்டிக் எவ்வளவு அடி தாங்கும் என்பதற்குச் சான்று இல்லை.

உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளில் ஒரு சின்ன பைக் ஓட்டி படம், இ.என். 13594 என்ற எண், 1 அல்லது 2 என்ற நிலை - மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே இரண்டு குழப்பங்கள் வரும். வெறுமனே 'சி.இ. சர்ட்டிஃபைடு' என்று மட்டும் போட்டிருந்தால், எதற்கான சான்று என்று கேளுங்கள். அந்த இரண்டு எழுத்தை அச்சடிக்கப் பெரிய செலவில்லை. சில கையுறைகளில் இ.என். 388 என்று இருக்கும். அதுவும் உண்மையான தரநிலைதான். ஆனால் தொழிற்சாலை, கட்டட வேலைக்கான கையுறைகளுக்கு உரியது. சாலையில் சறுக்குவதற்கானது இல்லை. நம்பர் ஏதோ இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

'ஜெனுயின் லெதர்' என்பதும் அப்படித்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பேர்போன மாநிலம் நம்முடையது. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-லிருந்து இயங்குகிறது. ஆனாலும் குறைந்த விலைக் கையுறைகளில் 'லெதர்' என்று வருவதில் நிறைய, துணி மேல் பிளாஸ்டிக் பூசிய செயற்கைத் தோல். வெட்டிய ஓரத்தை உற்றுப் பாருங்கள். நிஜத் தோலில் நார் நாராகத் தெரியும். செயற்கையில் மேலே மெல்லிய பிளாஸ்டிக், அடியில் துணி என்று அடுக்கு தெரியும்.

கையில் போட்டுச் செய்ய வேண்டிய 5 சோதனைகள்

முடிந்தால் நேரில் போய் வாங்குங்கள். திண்டிவனம், விழுப்புரம் இரண்டிலிருந்தும் புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர்தான். சென்னை போகும் வேலை இருந்தால், வாகன உதிரி, அலங்காரப் பொருள்களுக்குப் பேர்போன ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ஒரு நடை போகலாம். ஆன்லைனில் வாங்கினாலும், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் வீட்டில் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. இழுத்துப் பார்ப்பது. கையுறையைப் போட்டு வெல்க்ரோவை இறுக்கி ஒட்டுங்கள். இன்னொருவரை விரல் நுனிகளைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால், விழும்போது முதல் சறுக்கிலேயே போய்விடும். எவ்வளவு நல்ல தோலாக இருந்தும் பிரயோஜனமில்லை. தரச் சான்றுக்கான சோதனைகளிலும் இப்படி ஒன்று உண்டு.

2. முஷ்டி பிடிப்பது. விரலை மடக்கும்போது கட்டைவிரல் இடுக்கில் இழுக்கக் கூடாது. விரல் நுனியில் துணி தொங்கவும் கூடாது. தொங்கினால் பிரேக் லீவரில் மாட்டும்.

3. லீவர் சோதனை. உங்கள் வண்டியில் உட்கார்ந்து கிளட்ச், பிரேக், இண்டிகேட்டர், ஹாரன் நான்கையும் அழுத்திப் பாருங்கள். ஹாரனைத் தேட வேண்டியிருந்தால் அது உங்களுக்கான கையுறை இல்லை.

4. தையலை விரித்துப் பார்ப்பது. கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் பக்க விளிம்பு - இந்த இரண்டு இடத்திலும் தையலை லேசாக இரு பக்கமும் இழுங்கள். ஊசித் துளை பெரிதாகத் திறந்தாலோ, நூல் ஒற்றை வரியாக இருந்தாலோ யோசியுங்கள். உள்ளங்கையில் இரட்டைத் தையல் நல்லது.

5. உள்ளங்கை அடியைத் தடவுவது. ஸ்லைடர் கெட்டியாக, வழவழப்பாக, தைத்துப் பொருத்தியதாக இருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டிய ரப்பர் பட்டை, கை வழுக்குவதற்குப் பதில் பிடித்து நிற்கவைக்கும்.

சைஸ் விஷயத்தில் ரிவ்யூவை நம்பி 'ஒரு சைஸ் பெருசா எடுங்க' என்று போக வேண்டாம். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப்பால் அளந்து, அந்த பிராண்டின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு எது?

'மே மாசத்துல விழுப்புரத்துல கிளவுஸ் போடுறதா?' என்ற கேள்வி நியாயமானது. வியர்வை வழியும் கையுறையை நாலு நாளில் கழற்றி பெட்ரோல் டேங்க் பையில் போட்டுவிடுவோம். பையில் இருக்கும் கையுறை யாரையும் காப்பாற்றாது. அதனால், கையின் மேல்பக்கம் காற்று போகும் மெஷ் துணி, உள்ளங்கையில் தோல் என்ற கலவைதான் நம்ம பக்கத்துக்குச் சரி. ஆட்டுத்தோல் மெல்லியது, ஆனால் உறுதியானது. பிடி நன்றாக இருக்கும். மாட்டுத்தோல் கெட்டி, பழகக் கொஞ்ச நாளாகும்.

வடகிழக்குப் பருவமழையில் நனைந்துவிட்டால், தோல் கையுறையை வெயிலில் போட்டுக் காயவைக்காதீர்கள். விறைத்து வெடித்துவிடும். நிழலில், ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். ஒருமுறை விழுந்து உரசிய கையுறையை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிடுவது நல்லது. உள்ளே தையல் பாதி அறுந்திருக்கலாம்.

விலை? தரச் சான்றுள்ள, மெஷ் கலந்த கையுறைக்கு 1,500 ரூபாய்க்கு மேல் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெரிய தொகைதான். ஆனால் தையல் மிஷின், ஸ்பேனர், கம்ப்யூட்டர், ஸ்டீயரிங் என்று நம்மில் பாதிப் பேருக்குக் கைதான் முதல். இரண்டு மாதம் கையில் கட்டோடு உட்கார்ந்தால் போகும் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்ஜெட் இல்லையென்றால், முட்டியில் பகட்டான பிளாஸ்டிக் இருப்பதைத் தவிர்த்து, உள்ளங்கையில் நிஜத் தோலும் இறுக்கமான மணிக்கட்டுப் பட்டையும் உள்ள எளிய கையுறையை எடுங்கள்.

ஏமாந்துட்டா என்ன செய்யலாம்?

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். விற்பனைப் பக்கத்தில் 'லெதர்', 'சர்ட்டிஃபைடு' என்று என்னவெல்லாம் எழுதியிருந்ததோ, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அந்தப் பக்கம் மாறிவிடலாம்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020 விதிகள். ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி உங்கள் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அங்கே நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

அதற்கும் மசியவில்லையா? விற்றவர் டெல்லியிலோ சூரத்திலோ இருந்தாலும், நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். திண்டிவனத்துக்காரர்களுக்கும் விழுப்புரத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.

உங்க ரிவ்யூ எங்கே?

கடைசியாக ஒரு வேண்டுகோள். கையுறை வாங்கிய மூன்றாம் நாள் வரும் 'ரேட் பண்ணுங்க' மெசேஜை ஒதுக்கி வையுங்கள். காலண்டரில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று உள்ளங்கையையும் கட்டைவிரல் தையலையும் தெளிவாக ஒரு போட்டோ எடுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள், எங்கே நைந்தது, லேபிளில் என்ன எண் இருந்தது என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.

அடுத்து விக்கிரவாண்டியிலோ செஞ்சியிலோ உட்கார்ந்து 4.4 ஸ்டாரைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அந்த நாலு வரி கட்டாயம் உதவும்.